கண்ணாடி வீட்டில் கொசுவலை

ஒரு வீடு. நீளம் 77 அடி, அகலம் 28 அடி. தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில், மிதக்கிற மாதிரி நிற்கிறது. வெள்ளை பெயின்ட் அடித்த எட்டு இரும்புத் தூண்கள், ஒரு தளம், ஒரு கூரை, ஒரு முனையில் திறந்த தாழ்வாரம். சுவர் இருக்க வேண்டிய இடத்தில் நாலு பக்கமும் மேலிருந்து கீழ் வரை கண்ணாடி. உள்ளே அறைகள் கிடையாது. நடுவில் மரப்பலகை போர்த்திய பெரிய பெட்டி மாதிரி ஒன்று. அதற்குள் இரண்டு பாத்ரூம், ஒரு பக்கம் சமையல் மேடை, மறு பக்கம் குளிர்காய கணப்பு. பெட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால் ஹால், அந்தப் பக்கம் படுத்தால் பெட்ரூம். அவ்வளவுதான் வீடு.

இதில் உங்களைக் குடியிருக்கச் சொன்னால் முதலில் என்ன கேட்பீர்கள்? 'டிரெஸ் எங்கே மாற்றுவது?' பாத்ரூமில். அடுத்து, 'சரி, பீரோவை எங்கே வைப்பது?' அதற்குப் பதில் சொல்ல எனக்கு இந்தக் கட்டுரை முழுக்கத் தேவைப்படும்.

அமெரிக்காவில் சிகாகோவிலிருந்து அறுபது மைலில் பிளானோ என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஃபாக்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது இந்த வீடு. 1951-ல் கட்டி முடித்தார்கள். நவீனக் கட்டடக் கலை பற்றி எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் இதன் போட்டோ இருக்கும். பனிக்காலத்தில், இலையுதிர் காலத்தில், சாயங்கால வெளிச்சத்தில். கவனித்துப் பாருங்கள், பெரும்பாலான படங்களில் ஆள் இருக்க மாட்டார்கள்.

ஆனால் ஆள் இருந்தார். இருபது வருஷம் இருந்தார். டாக்டர் எடித் ஃபார்ன்ஸ்வொர்த். சிறுநீரக நோய்களில் ஆராய்ச்சி செய்து பெயர் வாங்கியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இளம் வயதில் இத்தாலிக்குப் போய் வயலின் கற்றுக்கொண்டவர். ஆஸ்பத்திரி வேலையிலிருந்து தப்பித்து வாரக் கடைசியில் போய் இருக்க ஒரு வீடு வேண்டும் என்று ஆற்றங்கரையில் நிலம் வாங்கினார். 1945-ல் ஒரு டின்னரில் மீஸ் வான் டெர் ரோவைச் சந்தித்தார்.

மீஸ் ஜெர்மனிக்காரர். பௌஹவுஸ் என்கிற புகழ்பெற்ற கலைப்பள்ளியின் கடைசி இயக்குநர். நாஜிகள் காலத்தில் அந்தப் பள்ளி மூடப்பட்டு, 1938-ல் சிகாகோ வந்து சேர்ந்தவர். எதையெல்லாம் எடுத்துவிட்டால் ஒரு கட்டடம் இன்னும் கட்டடமாகவே இருக்கும் என்று வாழ்நாள் பூரா யோசித்தவர். எடித்தின் வீட்டில் ஏறக்குறைய எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துவிட்டார். ஆரம்பத்தில் எடித்துக்கும் இதில் அபார உற்சாகம். 1947-ல் நியூயார்க் மியூசியம் ஆஃப் மாடர்ன் ஆர்ட்டில் வீட்டின் மாதிரியை வைத்தபோது பெருமைப்பட்டவர்தான். பரிசோதனை என்று தெரிந்தேதான் பணம் போட்டார். இதை மறந்துவிட்டு அவரை அப்பாவியாகக் காட்டுவது சரியில்லை.

குடிபோன பிறகுதான் ஆரம்பித்தது.

வெயில் காலத்தில் வீடு கொதித்தது. ஏ.சி. கிடையாது. காற்றுக்கு ஒரு முனையில் கதவு, மறு முனையில் தரையை ஒட்டி இரண்டு சின்ன ஜன்னல். தெற்கே நின்ற ஒரு பெரிய மேப்பிள் மரத்தின் நிழலை நம்பித்தான் கோடைக்கு ஏற்பாடு. குளிர்காலத்தில் நேர்மாறு. அந்தக் காலத்து ஒற்றைக் கண்ணாடி, வெளியே பனி, உள்ளே கதகதப்பு. கண்ணாடி பூரா வியர்த்து வழிந்தது. ராத்திரி விளக்கைப் போட்டால் ஆற்றங்கரைப் பூச்சிகள் மொத்தமும் லாந்தர் விளக்கை மொய்ப்பதுபோல் வீட்டை மொய்த்தன. உள்ளே இருப்பவருக்கு வெளியே ஒன்றும் தெரியாது. வெளியே இருப்பவருக்கு உள்ளே எல்லாம் தெரியும்.

1953-ல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் எடித் சொன்ன ஒரு விஷயம் எனக்கு மறக்கவில்லை. சமையல் மேடைக்குக் கீழே குப்பைக்கூடை வைக்க முடியவில்லையாம். ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியும். வீட்டின் தோற்றம் கெட்டுவிடும். யோசித்துப் பாருங்கள். தன் பணத்தில், தன் நிலத்தில் கட்டிய வீட்டில் ஒரு டாக்டர் குப்பைக்கூடைக்கு இடம் தேடுகிறார். வீடு அவருக்காக இல்லை. வீட்டுக்காக அவர் இருக்கிறார்.

இதற்குள் கோர்ட்டுக்கே போய்விட்டார்கள். 58,400 டாலர் என்று போட்ட மதிப்பீடு 74,000-ல் போய் நின்றது. பாக்கி 28,000 சொச்சம் என்று மீஸ் வழக்குப் போட, தொழில் தெரியாமல் கட்டினார் என்று எடித் எதிர்வழக்கு. 1953-ல் தீர்ப்பு மீஸ் பக்கம். அப்புறம் சமரசம். இந்த வழக்கையே அலெக்ஸ் பீம் என்பவர் 2020-ல் 'ப்ரோக்கன் க்ளாஸ்' என்று முழுப் புத்தகமாக எழுதியிருக்கிறார்.

எடித்தின் புகார் போய்ச் சேர்ந்த இடமும் சரியில்லை. பேட்டியை வெளியிட்ட 'ஹவுஸ் பியூட்டிஃபுல்' பத்திரிகையின் ஆசிரியை எலிசபெத் கார்டன், இந்த மாதிரி வெற்று வீடுகள் அமெரிக்க வாழ்க்கைக்கே ஆபத்து என்று முழங்கிக்கொண்டிருந்தார். கம்யூனிசப் பூச்சாண்டி உச்சத்தில் இருந்த வருஷங்கள். கொசுக்கடி பற்றிச் சொல்ல வந்தவர் தேசபக்திப் போரில் சாட்சியாகிவிட்டார். அதனால் மீஸின் ஆதரவாளர்களுக்கு அவரை ஒதுக்கித் தள்ள வசதியாகப் போச்சு. இன்னொரு வசதியும் இருந்தது. டாக்டருக்கு மீஸ் மேல் காதல், அது கைகூடவில்லை, அந்தக் கோபத்தில்தான் வீட்டைக் குறை சொல்கிறார் என்று பல வருஷம் பேசினார்கள், எழுதினார்கள். காதல் இருந்ததோ இல்லையோ, கண்ணாடி வியர்த்ததற்கு அதுவா காரணம்? ஓர் ஆண் டாக்டர் இதே புகாரைச் சொல்லியிருந்தால் எஞ்சினியரிங் பற்றிப் பேசியிருப்பார்கள்.

ஒரு சின்ன தகவல். கண்ணாடியும் இரும்புமாக சிகாகோ ஏரிக்கரையில் இரட்டை அடுக்குமாடிக் கோபுரங்கள் கட்டிய மீஸ், தான் குடியிருந்தது அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பாணி அபார்ட்மென்டில். கனமான சுவர், சாதாரண ஜன்னல். 1969-ல் இறக்கும் வரை அங்கேதான். இன்னொருவர் ஃபிலிப் ஜான்சன். மீஸின் இந்த டிசைனைப் பார்த்துவிட்டு முந்திக்கொண்டு 1949-லேயே தனக்கு ஒரு கண்ணாடி வீடு கட்டிக்கொண்ட கட்டடக் கலைஞர். கெட்டிக்காரர். எதிரிலேயே செங்கல்லில் இன்னொரு வீட்டையும் கட்டிக்கொண்டார், கண்ணாடி வீட்டைப் பார்த்த பக்கத்தில் ஜன்னலே இல்லாமல். எடித்துக்கு அந்த யோசனை வரவில்லை, அல்லது பணம் தீர்ந்துவிட்டது.

அவர் செய்தது வேறு. தாழ்வாரத்தைச் சுற்றிக் கொசுவலை அடித்தார். கண்ணாடிக்குத் திரை போட்டார். மீஸ் டிசைன் செய்த நாற்காலிகளை வாங்காமல் தனக்குப் பிடித்த ஸ்வீடன் நாற்காலி, சீனத்துச் சிங்கச் சிலைகள் என்று கொண்டுவந்து வைத்தார். தேக்கில் ஓர் உயரமான அலமாரி செய்துகொண்டார். நீங்கள் கேட்ட பீரோ இதுதான். அப்புறம் வயலினும் புத்தகங்களுமாக இருபது வருஷம் அந்த வீட்டை அனுபவித்தார். வழக்குப் போட்டவர் விற்றுவிட்டுப் போகவில்லை, பாருங்கள். பக்கத்தில் புதுப் பாலமும் ரோடும் வந்து, அதற்காக நிலத்தில் ஒரு பகுதியை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, நிம்மதி போன பிறகுதான் விற்றார். இத்தாலிக்குப் போய்க் கவிதைகள் மொழிபெயர்த்துக்கொண்டிருந்து 1977-ல் இறந்தார்.

வாங்கியவர் பீட்டர் பலும்போ. லண்டன் ரியல் எஸ்டேட் கோடீஸ்வரர், பின்னாளில் பிரபு. பள்ளிக்கூட நாளிலிருந்து மீஸ் பக்தர். 1972-ல் வீடு கைக்கு வந்ததும் மீஸின் பேரன் டர்க் லோஹனை வைத்து வீட்டைப் புதுப்பித்தார். கொசுவலை போச்சு. திரை மாறியது. மீஸ் டிசைன் செய்த மேஜை நாற்காலிகள் வந்தன. தோட்டம் வந்தது, சிற்பங்கள் வந்தன. 'பழைய வடிவத்துக்கே மீட்டுவிட்டார்' என்று உலகம் பாராட்டியது.

இங்கேதான் எனக்கு ஒரு சண்டை. பலும்போ இன்னொன்றும் செய்தார். ஏ.சி. போட்டார். அது மீஸின் வரைபடத்தில் இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் நடுப்பெட்டிக்கு மேலே ஒளித்து வைக்க முடிந்தது. ஆக, வசதி வேண்டும் என்று இரண்டு பேருமே வீட்டை மாற்றினார்கள். எடித்தின் வசதி வெளியே தெரிந்தது, அது கலைக்குச் செய்த துரோகம் என்று எழுதினார்கள். பலும்போவின் வசதி தெரியவில்லை, அது மீட்பு ஆகிவிட்டது. 'பழைய வடிவம்' என்றால் எந்த வருஷத்து வடிவம்? ஆள் நுழைவதற்கு முந்தின நாள் இருந்த வடிவமா? அப்படியானால் ஒரு வீட்டைக் கெடுப்பதற்கு சுலபமான வழி அதில் குடியிருப்பதுதான்.

பலும்போ மேல் எனக்குக் கோபம் இல்லை. வீட்டை உண்மையாகவே நேசித்தார். பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து தங்கினார். ஆனால் அவருக்கு இது ஒன்றுதானா வீடு? பாரிஸ் பக்கத்தில் லெ கார்புசியே கட்டிய வீடு, பென்சில்வேனியாவில் ஃப்ராங்க் லாயிட் ரைட் கட்டிய வீடு என்று மேதைகளின் வீடுகளாகச் சேர்த்தவர். பீரோவில் வைக்க வேண்டியதெல்லாம் வேறு எங்கோ இருந்தது. அப்படிப்பட்டவருக்கு இந்த வீடு நிஜமாகவே சொர்க்கம். இதை நக்கலாகச் சொல்லவில்லை. நாலு பக்கமும் பனி கொட்ட நடுவில் உட்கார்ந்திருப்பது எப்படியிருக்கும் என்று போட்டோவைப் பார்த்து நானே ஏங்கியிருக்கிறேன். இரண்டு நாளைக்கு.

ஆறு மட்டும் யாரையும் பேதம் பார்க்கவில்லை. கட்டுவதற்கு முன் வெள்ளம் எவ்வளவு உயரம் வரும் என்று மீஸ் விசாரித்திருக்கிறார். அதற்கு மேலே வரும்படிதான் தளத்தை உயர்த்தினார். 1954-ல் அதையும் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது. 1996 ஜூலையில் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஐந்தடிக்கு நின்றது. மரப்பெட்டி ஊறிக் கெட்டது, சாமான்கள் போயின. பலும்போ மறுபடியும் பேரனைக் கூப்பிட்டு மறுபடியும் புதுப்பித்தார். 2003 டிசம்பரில் ஏலம் விட்டார். 75 லட்சம் டாலருக்கு, வரலாற்றுச் சின்னங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் முதலான அமைப்புகள் சேர்ந்து வாங்கி மியூசியமாக்கின. 2008-ல் மறுபடியும் வெள்ளம், ஒன்றரை அடி. அதன் பிறகு, வீட்டுக்கு அடியில் ஹைட்ராலிக் ஜாக்கிகளை வைத்து, வெள்ளம் வரும்போது வீட்டை அப்படியே மேலே தூக்கிவிடலாம் என்று ஒரு திட்டம் விவாதிக்கப்பட்டது. காருக்கு டயர் மாற்றுகிற மாதிரி. கொசுவலை தோற்றத்தைக் கெடுக்கும் என்றவர்கள் ஊரில் ஜாக்கிக்கு எஞ்சினியர்கள் கணக்குப் போட்டார்கள்.

சமீப வருஷங்களில் கொஞ்சம் மனசு மாறியிருக்கிறது. 2020-ல் மீஸ் நாற்காலிகளை எடுத்துவிட்டு, 1950-களில் எடித் வைத்திருந்த மாதிரியே அவர் ரசனைச் சாமான்களைத் தேடி வைத்து வீட்டைக் காட்டினார்கள். வயலின் உட்பட. முதல் தடவையாக அங்கே யாரோ குடியிருந்த மாதிரி இருந்தது படங்களில். 2021-ல் பெயரையும் மாற்றினார்கள். வெறும் ஃபார்ன்ஸ்வொர்த் வீடு, எடித் ஃபார்ன்ஸ்வொர்த் வீடு ஆனது. எழுபது வருஷம் கழித்து முதல் பெயர் கிடைத்திருக்கிறது.

பீரோ? அந்தத் தேக்கு அலமாரி 2008 வெள்ளத்தில் அடிபட்டது. சரிசெய்தார்கள். ஆனால் திரும்ப வீட்டுக்குள் வைக்கவில்லை. அதே வளாகத்தில் அதற்காக ஒரு சின்னக் கூடம் ஏற்பாடு செய்து அங்கே காட்சிக்கு வைத்தார்கள்.