சீருடைக்கு யார் பொறுப்பு? மாணவர் அணிவகுப்புப் பயிற்சியும் கண்காணிப்பும்

பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குச் சீருடை அணிவித்து, கட்டளைக்கேற்ப அணிவகுக்கப் பழக்கி, ஒரு குழுவை மற்றொரு குழுவோடு போட்டியிடச் செய்யும் பயிற்சிகள் தமிழகத்தில் பல பெயர்களில் நடைபெறுகின்றன. தேசிய மாணவர் படை, சாரணர் சாரணியர் இயக்கம், பள்ளி பேண்டு வாத்தியக் குழு, விளையாட்டு விழா அணிவகுப்பு ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இவற்றால் ஒழுக்கம், உடல்நலம், நாட்டுப்பற்று வளரும் என்று மேடைதோறும் பேசப்படுகிறது. பயிற்சி தருபவரின் தகுதியை யார் சோதிப்பது, தவறு நேர்ந்தால் ஒரு குழந்தை யாரிடம் சென்று சொல்வது என்ற கேள்விகள் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. பழைய தருமபுரி மாவட்டத்தின் ஒரு பகுதியில் 2024ஆம் ஆண்டு நடந்த நிகழ்வு, இந்தக் கேள்விகளைத் தள்ளிப்போட முடியாதவையாக ஆக்கியது.

தருமபுரி வட்டாரமும் சீருடை ஆசையும்

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2004 பிப்ரவரியில் அதிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. நிர்வாக எல்லை மாறினாலும் இரு மாவட்டங்களின் கல்விச் சூழலும் வேலைவாய்ப்புக் கவலைகளும் பெரிதும் ஒன்றே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் எழுத்தறிவு விகிதம் மிகக் குறைந்த மாவட்டம் தருமபுரி, ஏறத்தாழ 68.5 விழுக்காடு. பெண் சிசுக்கொலைக்கு எதிராகத் தமிழக அரசு 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், பின்னர் தருமபுரிக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

இப்படிப்பட்ட வட்டாரத்தில் ஒரு பெண் குழந்தை சீருடை அணிந்து, பள்ளி மைதானத்தில் தலை நிமிர்ந்து நடப்பது சிறிய செய்தியன்று. சீருடைக்கு வேலைவாய்ப்பு சார்ந்த மதிப்பும் உண்டு. தேசிய மாணவர் படையின் 'ஏ', 'பி', 'சி' சான்றிதழ்கள் காவலர் தேர்விலும் ராணுவ ஆள்சேர்ப்பிலும் கூடுதல் மதிப்பெண் பெற்றுத் தருகின்றன. பட்டாலியன் அளவில் தேர்வாகி, மாநில இயக்ககத்தின் அணியில் இடம்பெற்று, தில்லி குடியரசு தின முகாம் வரை செல்லும் வாய்ப்பும் இருக்கிறது. அங்கே இயக்ககங்களுக்கிடையே அணிவகுப்பு உள்ளிட்ட போட்டிகள் நடந்து, சிறந்த இயக்ககத்துக்குப் பிரதமரின் பதாகை வழங்கப்படுகிறது. பாதுகாப்பு அமைச்சகமும் கல்வி அமைச்சகமும் இணைந்து நடத்தும் தேசியப் பள்ளி பேண்டு வாத்தியப் போட்டியும் இதே காலத்தில் நடைபெறுவதுதான்.

பள்ளிகளுக்கும் இதில் ஆதாயம் உண்டு. சேர்க்கைக் காலத்தில் வைக்கப்படும் விளம்பரப் பலகையில் காக்கிச் சீருடை மாணவர்களின் படம் பெற்றோரைக் கவரும். ஆனால் விரும்பிய பள்ளிக்கெல்லாம் தேசிய மாணவர் படைப் பிரிவு உடனே கிடைத்துவிடாது. 2024 ஜூலையில் மேலும் 3 லட்சம் இடங்களுக்கு ஒப்புதல் அளித்து, மொத்த எண்ணிக்கையை 20 லட்சமாக உயர்த்த மத்திய பாதுகாப்பு அமைச்சகம் முடிவு செய்தது. தேவை எவ்வளவு பெரிது என்பதற்கு இதுவே சான்று. ஆசை மிகுதியாகவும் இடம் குறைவாகவும் இருக்கும் இடத்தில் போலிகள் நுழைவது எளிது.

2024 ஆகஸ்ட்: பர்கூர் நிகழ்வு

கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் 2024 ஆகஸ்ட் தொடக்கத்தில் 'என்.சி.சி. முகாம்' என்ற பெயரில் ஒரு பயிற்சி நடந்தது. 17 மாணவியர் பள்ளியிலேயே இரவு தங்க வைக்கப்பட்டனர். முகாமின்போது ஒரு சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாகவும், மேலும் சில மாணவியரிடம் அத்துமீறல் நடந்ததாகவும் புகார் எழுந்தது. போக்சோ சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவாயிற்று. பயிற்றுநராக வந்தவரும், பள்ளியின் தாளாளர், முதல்வர் உட்பட பத்துக்கும் மேற்பட்டோரும் கைதாயினர்.

அந்தப் பள்ளியில் தேசிய மாணவர் படைப் பிரிவே கிடையாது. இப்படியொரு முகாம் நடத்தினால் பிரிவு கிடைக்கத் தகுதி பெறலாம் என்று ஒரு குழு பள்ளி நிர்வாகத்தை அணுகியதாகவும், அவர்களின் பின்னணியை விசாரிக்காமலே நிர்வாகம் இசைந்ததாகவும் காவல்துறை தெரிவித்தது. அந்த நபருக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று தேசிய மாணவர் படை அறிவித்தது. தமிழக அரசு, காவல்துறைத் தலைவர் பவானீஸ்வரி தலைமையில் சிறப்புப் புலனாய்வுக் குழுவையும், சமூக நலத்துறைச் செயலாளர் ஜெயஸ்ரீ முரளிதரன் தலைமையில் பல்துறைக் குழுவையும் அமைத்தது. முதன்மையாகக் குற்றம் சாட்டப்பட்டவர், விஷம் உட்கொண்டதாகக் கூறப்பட்டு, ஆகஸ்ட் 23 அன்று சேலம் அரசு மருத்துவமனையில் இறந்தார்.

குற்றம் சாட்டப்பட்டவர் இறந்தால் அவர் மீதான வழக்கு அத்துடன் முடிந்துவிடும் என்பது சட்டம். சாட்சியம், குறுக்கு விசாரணை, தீர்ப்பு என்ற வழியில் அவரைப் பற்றிய உண்மை வெளிவரும் வாய்ப்பு அடைபட்டது. ஆகவே, இடம் கொடுத்தவர்களும் கண்காணிக்க வேண்டியவர்களும் என்ன செய்தார்கள், என்ன செய்யத் தவறினார்கள் என்பதே பொதுமக்கள் தொடர்ந்து கேட்க வேண்டிய கேள்வியாக நிற்கிறது.

பொறுப்பு நழுவும் இடைவெளி

தேசிய மாணவர் படை 1948ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின்படி இயங்குவது. பள்ளி ஆசிரியர் ஒருவர் பயிற்சி பெற்று இணை அலுவலராகிறார். அவருக்கு மேல் பட்டாலியன், குழுத் தலைமையகம், மாநில இயக்ககம், தில்லித் தலைமை இயக்ககம் என்று படிநிலை உண்டு. கவாத்து கற்பிக்க ராணுவத்திலிருந்து நிரந்தரப் பயிற்றுநர்கள் அனுப்பப்படுகிறார்கள். மாணவியருக்குப் பெண் அலுவலர்களும் பெண் பயிற்றுநர்களும் உண்டு. காகிதத்தில் பார்த்தால் ஒழுங்கான ஏற்பாடு.

ஆனால் இந்த ஏற்பாடு தன் எல்லைக்குள் இருப்பவர்களை மட்டுமே கண்காணிக்கும். பெயரையும் சீருடையையும் பயன்படுத்தி வெளியே ஒருவர் முகாம் நடத்தினால், அதைக் கண்டறியும் கடமை யாருக்கும் தெளிவாக ஒப்படைக்கப்படவில்லை. படை 'எங்களவர் அல்லர்' என்று சொல்வது உண்மையே. பள்ளி 'ஏமாற்றப்பட்டோம்' என்று சொல்லக்கூடும். 'எங்களுக்குத் தெரிவிக்கவில்லை' என்று கல்வித் துறையும் கைவிரிக்க இடமுண்டு. மூன்றும் மெய்யாகவே இருந்தாலும் குழந்தைக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைக்காது என்பதே இந்த அமைப்பின் அடிப்படைக் குறை.

இவற்றுள் பள்ளியின் பொறுப்பே முதன்மையானது. குழந்தையைப் பெற்றோர் ஒப்படைத்தது பள்ளியிடம்தான். பள்ளிக்குப் பால் ஊற்றுபவர் மாறினால்கூட யார் எவர் என்று விசாரிக்கும் நாட்டில், 17 சிறுமியரை இரவில் பொறுப்பேற்க வந்தவரின் அடையாளம் விசாரிக்கப்படவில்லை. சீருடையே அடையாள அட்டையாக எடுத்துக்கொள்ளப்பட்டது. பட்டாலியன் அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதுமானதாக இருந்திருக்கும்.

கட்டளை பழகிய குழந்தை

அணிவகுப்புப் பயிற்சியின் இயல்பிலேயே ஓர் ஆபத்து உண்டு. 'சாவ்தான்' என்றால் நிற்க வேண்டும். 'விஷ்ராம்' என்றால்தான் தளர வேண்டும். ஏன் என்று கேட்பது ஒழுங்கீனமாகக் கருதப்படுகிறது. குழுவாக இயங்குவதற்கு இது தேவைதான். ஆனால் மைதானத்துக்கு உரிய கீழ்ப்படிதல் மைதானத்தோடு நிற்பதில்லை. இரவு தங்கும் அறையிலும், தனியே அழைக்கப்படும்போதும் அதே குரல் அதே அதிகாரத்தோடு ஒலிக்கிறது. மறுத்தால் அணியில் இடம் போகும், சான்றிதழ் போகும் என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது. தேர்வுப் போட்டி கடுமையாகும் அளவுக்குத் தேர்ந்தெடுப்பவரின் கையில் அதிகாரம் குவிகிறது.

தேசிய மாணவர் படையின் முழக்கம் 'ஒற்றுமையும் ஒழுக்கமும்'. மாணவரின் ஒழுக்கத்துக்கு நூறு விதிகள் இருக்க, பயிற்றுநரின் ஒழுக்கத்தை மாணவர் அறியும்படி எழுதி ஒட்டிய பலகையைப் பள்ளி மைதானங்களில் காண்பது அரிது.

அமெரிக்கப் பேண்டுக் குழுக்களின் பாடம்

'ராணுவக் கட்டுப்பாடுள்ள நாட்டில்தான் இப்படி', 'பின்தங்கிய மாவட்டத்தில்தான் இப்படி' என்ற எண்ணங்கள் சரியல்ல. அமெரிக்காவில் இளைஞர் அணிவகுப்பு இசைக்குழுக்களுக்கென 'டிரம் கார்ப்ஸ் இன்டர்நேஷனல்' என்ற அமைப்பு 1972 முதல் தேசியப் போட்டி நடத்திவருகிறது. 1934இல் தொடங்கப்பட்ட 'தி கேடட்ஸ்' குழு அதில் 10 முறை முதலிடம் பெற்றது. 2018 ஏப்ரலில் அக்குழுவின் நெடுங்கால இயக்குநர் மீது ஒன்பது பெண்கள் கூறிய பாலியல் குற்றச்சாட்டுகளைப் பிலடெல்பியா நாளிதழ் வெளியிட்டது. அவை நாற்பது ஆண்டுக் காலத்தைத் தழுவியவை. அவர் பதவி விலகினார். 1980களில் நடந்ததாகக் கூறப்பட்ட மற்றொரு கொடுமை தொடர்பான வழக்கின் சுமையால் 2024இல் குழுவே மூடப்பட்டது.

அங்கும் சிக்கல் இதே வடிவில்தான் இருந்தது. போட்டி நடத்தும் அமைப்பு வேறு, குழுக்கள் தனித்தனி நிறுவனங்கள். மதிப்பெண் போடும் அமைப்புக்குக் குழுவின் உள்விவகாரத்தில் நேரடிக் கட்டுப்பாடு இல்லை. குழுவின் நிர்வாகிகளோ வெற்றி தேடித் தந்த இயக்குநரைக் கேள்வி கேட்கத் தயங்கும் நிலையில் இருந்தார்கள். கோப்பைகள் குவிந்த அலமாரியே அவருக்குக் கேடயமாயிற்று. பணமும் சட்ட அறிவும் மிகுந்த நாட்டிலேயே உண்மை வெளிவர இத்தனை காலம் ஆனது என்றால், பர்கூர்ச் சிறுமியரும் அவர்தம் பெற்றோரும் சில நாள்களில் காவல் நிலையம் வரை சென்றது எத்தனை துணிவான செயல் என்பது விளங்கும்.

தலைமைச் சண்டையும் கண்காணிப்பும்

மாணவர் அமைப்புகளின் நிர்வாகம் தமிழகத்தில் பரபரப்பான செய்தியாகாமல் இல்லை. 2017 செப்டம்பரில் தமிழ்நாடு சாரணர் சாரணியர் இயக்கத் தலைவர் தேர்தலில் பாரதிய ஜனதா கட்சியின் எச். ராஜாவும், கல்வித் துறையின் முன்னாள் அதிகாரி பி. மணியும் போட்டியிட்டனர். மணி 232 வாக்குகளும் ராஜா 52 வாக்குகளும் பெற்றனர். நாடே கவனித்த அந்தத் தேர்தலில் யார் தலைவர் என்பதே விவாதமாயிற்று. முகாமுக்குச் செல்லும் குழந்தையின் பாதுகாப்புக்கு யார் கணக்குக் கொடுப்பார் என்பது தேர்தல் பேச்சில் இடம்பெறவில்லை. நாற்காலிக்குக் கிடைத்த கவனத்தில் ஒரு பங்கு முகாம் விதிகளுக்குக் கிடைத்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

விதிகள் உண்டு, வழக்கம் இல்லை

சட்டம் முற்றிலும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பிரிவு 19இன்படி, குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் பிரிவு 21இன்படி ஓராண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கும். பள்ளிகளில் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமைக்கத் தமிழக அரசு 2021இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. 'மாணவர் மனசு' புகார்ப் பெட்டியும், 1098, 14417 என்ற உதவி எண்களும் உள்ளன. ஆயினும் பெட்டி தலைமையாசிரியர் அறை வாசலில் இருந்தால் எந்தக் குழந்தை அதில் தாளைப் போடும்? வெளியிலிருந்து வரும் பயிற்றுநரின் பெயர் அந்தக் குழுவின் முன் வைக்கப்படாவிட்டால் குழு இருந்தும் பயனில்லை.

தேவைப்படும் மாற்றங்கள் எளியவை. முகாம் நடத்துபவரின் பெயர், பட்டாலியன் எண், அதன் அலுவலகத் தொலைபேசி ஆகியவை அடங்கிய கடிதம் முன்கூட்டியே ஒவ்வொரு பெற்றோருக்கும் தரப்பட வேண்டும். மாவட்டக் கல்வி அலுவலரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் இரவு தங்கும் முகாம் எதுவும் கூடாது. மாணவியர் தங்கும் இடத்தில் பள்ளியின் பெண் ஆசிரியர் இருவராவது இருக்க வேண்டும். எந்தப் பயிற்றுநரும் எந்தக் குழந்தையோடும் தனித்திருக்கக் கூடாது. அங்கீகாரம் பெற்ற பிரிவுகளின் பட்டியலை மாவட்டவாரியாகத் தமிழில் வெளியிடுவது தேசிய மாணவர் படைக்குக் கடினமான வேலையன்று. முகாமின் முதல் நாள் முதல் வகுப்பு, எந்தக் கட்டளையை மறுக்கலாம் என்பதைச் சொல்லித்தருவதாக அமைய வேண்டும்.

இந்நிகழ்வுக்குப் பின் 'பெண் பிள்ளைகளை முகாமுக்கு அனுப்பவே வேண்டாம்' என்று பெற்றோர் நினைத்தால் அதில் வியப்பில்லை. ஆனால் அப்படி நடந்தால் தவறு செய்தவர்களுக்கான தண்டனையைச் சிறுமியர் சுமக்க நேரும். பெண் பிறப்பதையே தடுக்கப் பார்த்த காலத்தைக் கடந்து, அவளை மைதானம் வரை கொண்டுவர இந்த வட்டாரம் நெடுந்தொலைவு நடந்திருக்கிறது. அடுத்த முகாமுக்கான அனுமதிப் படிவம் வீட்டுக்கு வரும்போது, கையொப்பமிடுவதற்கு முன் பட்டாலியன் எண்ணைக் கேட்டு, அந்த அலுவலகத்தை அழைத்து உறுதிசெய்யும் உரிமை ஒவ்வொரு பெற்றோருக்கும் உண்டு. அதைக் கேட்கும் பெற்றோரைத் தொந்தரவாகக் கருதாமல் வரவேற்கும் பள்ளியே நம்பிக்கைக்கு உரியது.