பதினொன்றுக்கு ஒன்று

ப்ராஜெக்ட் மீட்டிங்கில் எல்லோரையும் தலையாட்ட வைக்க வேண்டியவரா நீங்கள்? மேனேஜ்மென்ட் புத்தகத்தை மூடிவிட்டு சிட்னி லூமெட்டின் '12 ஆங்ரி மென்' (1957) பாருங்கள். அப்பாவைக் கொன்றதாக ஒரு பையன் மேல் கேஸ். 12 ஜூரிகளும் ஒருமித்து 'குற்றவாளி' என்றால் மின்சார நாற்காலி. முதல் ஓட்டு, கைதூக்கி: 11-1. அந்த ஒருவர் ஹென்றி ஃபோண்டா.

பையன் நிரபராதி என்று அவர் சாதிப்பதில்லை. 'தெரியாது, பேசலாமே' என்கிறார், அவ்வளவுதான். பிறகு ஒரு சூதாட்டம்: நீங்கள் 11 பேரும் சீட்டில் எழுதிப் போடுங்கள், நான் போடவில்லை, எல்லாமே 'குற்றவாளி' என்றால் நானும் உங்களோடு. பிரித்தால் ஒன்று மாறியிருக்கிறது! ஒரு பெரியவர். பையனை நம்பி இல்லை, தனியாக நிற்கிறவருக்கு மரியாதை கொடுத்து. நம் மீட்டிங்குகளில் கைதூக்கச் சொல்லிவிட்டு பாஸ் ஒரு பார்வை பார்ப்பாரே, அங்கே இந்தப் பெரியவர் வாயே திறந்திருக்க மாட்டார்.

ஒரு குறை. ஃபோண்டா தானே கடையில் அதே மாதிரி கத்தி வாங்கிவந்து மேஜையில் குத்துவது. கைதட்டல் சீன்தான். ஆனால் ஜூரி தனியாகத் துப்புத் துலக்கக் கூடாது. நிஜ கோர்ட்டில் விசாரணையே ரத்தாகியிருக்கலாம்.

நம் நாட்டில் கொலை கேஸ்களுக்கு ஜூரி ஒழிந்த பிறகு, 1986-ல் பாசு சாட்டர்ஜி இதை 'ஏக் ருகா ஹுவா ஃபைஸ்லா' என்று ஹிந்தியில் எடுத்தார். கத்தி அதிலும் உண்டு.