நைசீயாவுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் நடுவே

மலேசியாவின் மேருவில் ஒரு துக்க வீடு. இறந்தவர் கிறிஸ்தவர், உறவுக்காரர்களில் பாதிப்பேர் இந்துக்கள். பெட்டி எடுக்க நேரம் இருந்ததால் பந்தலுக்கடியில் பேச்சு மதத்தின் பக்கம் திரும்பியது. "நைசீயாவில் கான்ஸ்டன்டைன் ராஜா கூட்டம் போட்டு உண்டாக்கினதுதான் பைபிள்" என்றார் ஒரு தம்பி. "தோமா கி.பி. 52லேயே இந்தியாவுக்கு வந்துட்டார். அப்புறம் எப்படி இது வெள்ளைக்காரன் மதம்?" என்று சபைக்காரர் ஒருவர் எதிர்த்தார். இருவருக்கும் குரல் உயர்ந்தது. இருவர் பேச்சிலும் ஓட்டை இருந்தது. அவர்கள் விட்டுவிட்ட இடங்களில்தான் நம் சொந்தக் கதை கிடக்கிறது என்ற எண்ணம் அன்றிலிருந்து என்னை விடவில்லை.

தம்பி சொன்னதை முதலில் பார்ப்போம். 325இல் நைசீயாவில் ஆயர்கள் கூடியது, மகன் தந்தைக்குச் சமமானவர்தானா என்று ஆரியுஸ் என்ற குரு கிளப்பிய சர்ச்சையைத் தீர்க்க. ஈஸ்டர் நாளைப் பற்றிப் பேசினார்கள். சபை ஒழுங்குக்கு 20 விதிகள் வகுத்தார்கள். வேத நூல்களின் பட்டியல் அந்த விதிகளில் இல்லை. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் இன்றுள்ளபடி ஒரே பட்டியலாக நமக்கு முதலில் கிடைப்பது 367இல் ஆயர் அத்தனாசியுஸ் எழுதிய ஈஸ்டர் மடலில். கிறிஸ்தவத்தை ரோமப் பேரரசின் மதமாக அறிவித்ததும் கான்ஸ்டன்டைன் அல்ல, 380இல் பேரரசர் தியோடோசியுஸ். 2003இல் வந்த 'டாவின்சி கோட்' நாவலும் அடுத்து வந்த படமும் பரப்பிய கதையைத்தான் தம்பி வரலாறு என்று நம்பியிருந்தார்.

சபைக்காரரின் கதை வேறு மாதிரி. இயேசுவின் சீடர் தோமா வந்தார் என்பது மிகப் பழைய மரபு; அந்த ஆண்டுக்கு அக்காலத்துச் சான்று கிடையாது. ஆனால் அவர் சொல்ல வந்ததை நிறுவ உறுதியான சாசனமே இருக்கிறது. 849ஐச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு, மருவான் சபீர் ஈசோ கட்டிய தேவாலயத்துக்கு வேணாட்டு அய்யனடிகள் கொடுத்த நிலங்களையும் உரிமைகளையும் வட்டெழுத்தில் பொறித்து வைத்திருக்கிறது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்க அப்போது இன்னும் 600 ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. அந்தச் செப்பேடு காட்டும் சிரியன் கிறிஸ்தவ மரபின் பிள்ளைகள் கட்டிய ஆர்த்தடாக்ஸ் பேராலயம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில்தான் நிற்கிறது. நம்பிக்கையை வரலாறாகச் சொல்லித் தடுமாறியவருக்குத் தன் கையருகே இருந்த செப்பேடு தெரியவில்லை. எனக்கு இதுதான் அதிகம் வலித்தது.

இது நம் ஊர்க் குறை மட்டும் அல்ல. 2010இல் பியூ ஆய்வு மையம் அமெரிக்காவில் 3,412 பேரிடம் மதங்களைப் பற்றி 32 கேள்விகள் கேட்டது. மொத்தத்தில் முன்னால் நின்றவர்கள் நாத்திகரும் அறியொணாவாதிகளும், சராசரி 20.9. சீர்திருத்தச் சபையாரில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சீர்திருத்தத்தைத் தொடங்கியவர் மார்ட்டின் லூதர் என்று சொல்லத் தெரியவில்லை. நம்பாதவர்கள் இந்த முடிவை அடிக்கடி எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் பைபிளையும் கிறிஸ்தவத்தையும் பற்றிய 12 கேள்விகளை மட்டும் எடுத்தால் மார்மன்களும் (7.9) வெள்ளை இவாஞ்சலிக்கல் சபையாரும் (7.3) நாத்திகரை (6.7) முந்திவிடுகிறார்கள். புத்தகத்தை அறிந்தவருக்கு அது நடந்து வந்த பாதை தெரியவில்லை. பாதையைப் பற்றிப் பேசுகிறவர் புத்தகத்தைத் திறந்தது குறைவு.

நம் பக்கத்துச் சபைகள் வரலாறு சொல்லும் வழி ஆண்டுவிழா மலர். ஐம்பதாம் ஆண்டு, நூற்றாண்டு என்று போடும் இந்த மலர்களை நான் மதிக்கிறேன். தோட்டத்திலிருந்து தோட்டத்துக்கு மாற்றப்பட்ட குடும்பங்களின் பெயரும் பிறந்த தேதியும் எங்காவது எழுத்தில் மிஞ்சியிருந்தால், அது பெரும்பாலும் ஞானஸ்நானப் பதிவேட்டில்தான். அதை எடுத்து அச்சேற்றிய கைகள் பெரிய வேலை செய்திருக்கின்றன. ஆனால் போதகர்களின் வரிசை, கட்டட நிதி, அடிக்கல் படம் என்று போகும் அந்தப் பக்கங்களில் 'ஏன்' என்ற கேள்விக்கு இடமில்லை. 1924இல் எழுந்த பிரிக்பீல்ட்ஸ் சீயோன் லுத்தரன் ஆலயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மலாயாவில் லுத்தரன் பணி 1907இல் தொடங்கியது, தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் ஏற்கெனவே கிறிஸ்தவர்களாகக் கப்பலேறி ரயில்வேக்கும் குமாஸ்தா வேலைக்கும் வந்தவர்களுக்காக. இங்கே வந்து மதம் மாற்றினார்கள் என்று குற்றம் சாட்டுகிறவருக்கு இது பதில். சபையாரில் பலருக்கே இது தெரியாததால் பதிலும் வருவதில்லை.

கடவுளின் பெயர் விஷயத்தில் இந்த மறதி இன்னும் ஆழமானது. கத்தோலிக்க வார இதழ் 'ஹெரால்ட்' தன் மலாய்ப் பகுதியில் 'அல்லாஹ்' என்ற சொல்லை எழுதலாமா என்ற வழக்கில் 2009 டிசம்பர் 31இல் உயர்நீதிமன்றம் இதழுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2013 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2014 ஜூனில் கூட்டரசு நீதிமன்றம் மேற்கொண்டு முறையிட அனுமதி தரவில்லை. அந்த ஆண்டுகளில் கோப்பிக்கடையில் ஒரு சாரார், இது கிறிஸ்தவர்கள் நேற்று கண்டுபிடித்த தந்திரம் என்றார்கள். டச்சு வணிகர் ரூய்ல் 1612இல் மொழிபெயர்த்து 1629இல் அச்சான மலாய் மத்தேயு நற்செய்தியிலேயே அந்தச் சொல் உண்டு. வழக்கின் நியாயம் எப்படியானாலும் இந்தத் தேதியை அறியாமல் பேசிய பேச்சுக்கு மதிப்பில்லை. மறுபக்கம், இது இந்தோனேசியக்காரர்களுடையதும் சபா, சரவாக் மக்களுடையதுமான சிக்கல், நமக்கென்ன என்று இருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் பலர். அவர்கள் கையில் இருந்த தமிழ் வேதமே இந்தக் கேள்வியோடு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் போராடியது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்க், கத்தோலிக்கர் முன்பே வழங்கிய 'சருவேசுரன்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டார். அவருக்குப் பின் மொழிபெயர்த்த பாப்ரிசியுஸ் அதை விட்டுப் 'பராபரன்' என்றார். 1871இல் வந்த, மிஷனரி பவர் தலைமையிலான திருப்புதலில், இன்றும் பெரும்பாலான சபைகள் வாசிக்கும் அந்தப் பதிப்பில், 'தேவன்' நின்றது. 1995இல் வந்த திருவிவிலியம் 'கடவுள்' என்கிறது. ஒவ்வொரு சொல்லும் சைவத்தோடும் வைணவத்தோடும் ஊர்வழக்கோடும் பேரம் பேசி வாங்கியது. இதைத் தெரிந்த சபை அந்த வழக்கை அந்நியர் வழக்காகப் பார்த்திருக்காது.

நம்பாதவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்றை மட்டும் எந்தச் செப்பேட்டைக் காட்டியும் தட்டிவிட முடியாது. சாதி. ஆலயத்தில் சாதிக்கொரு பக்கம் உட்காரும் வழக்கத்தை 1833இல் ஆயர் டேனியல் வில்சன் தடை செய்தபோது தஞ்சாவூர்க் கிறிஸ்தவர்கள் பலர் எதிர்த்தார்கள். அந்தத் தரப்புக்காக எழுதியவர்களில் ஒருவர், இன்றும் நாம் உருகிப் பாடும் கீர்த்தனைகளின் ஆசிரியர் வேதநாயக சாஸ்திரியார். சாதி விஷயத்தில் லைப்சிக் லுத்தரன் மிஷன் அவ்வளவு கண்டிப்புக் காட்டாததால் ஒரு கூட்டம் அங்கே போய்ச் சேர்ந்தது. வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாகக் கோயிலையே இரண்டாகப் பிளந்து கட்டினார்கள். இதையெல்லாம் ஓய்வுநாள் பள்ளியில் எனக்கு யாரும் சொல்லவில்லை. பின்னாளில் கிறிஸ்தவர் அல்லாத ஒரு நண்பர் கேட்டுத்தான் தேடினேன். கல்யாணப் பேச்சில் இன்றும் சாதி கேட்கும் குடும்பங்கள் கிள்ளானிலும் இருக்கும்போது, அந்த நண்பரை எதிரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதே மறதியில் ஆறுமுக நாவலரையும் இரு தரப்பாரும் அரைகுறையாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். சைவர்களுக்கு அவர் மிஷனரிகளை எதிர்த்த வீரர். கிறிஸ்தவர்களுக்கு ஒரு விரோதி. அந்த நாவலர்தான் யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்ட் மிஷனரி பீட்டர் பர்சிவலோடு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து வேதாகமத்தைத் தமிழாக்கினார். ஆனாலும் அவர் மதம் மாறவில்லை. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி தொடங்கினார். 1854இல் 'சைவ தூஷண பரிகாரம்' எழுதியபோது மிஷனரிகளுக்குப் பைபிளையே எடுத்து விடை சொன்னார். பிரிக்பீல்ட்ஸில் யாழ்ப்பாணத்துச் சைவர்கள் 1904இல் தொடங்கிய விவேகானந்த ஆசிரமமும் சீயோன் ஆலயமும் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. இரண்டிலும் அவரைத் தங்கள் கதையில் சேர்த்துக்கொள்ள இடமுண்டு. அன்று துக்க வீட்டில் பெட்டி எடுத்ததும் பேச்சு அறுந்துவிட்டது. இல்லையென்றால் அந்தத் தம்பியிடமும் சபைக்காரரிடமும் நாவலர் திருத்திக் கொடுத்த அந்த வேதத்தைப் பற்றித்தான் சொல்லியிருப்பேன்.