சுருக்கப் பொதிக்குள் தமிழ் நூல்: கொக்கூன் சட்டகத்தின் வழிமுறை குறித்த திறனாய்வு

அப்பாச்சி கொக்கூன் என்பது 1999-இல் ஸ்டெபானோ மட்சோக்கி தொடங்கிய, ஜாவா மொழியில் எழுதப்பட்ட இணையப் பதிப்புச் சட்டகம் ஆகும். எக்ஸ்எம்எல் கோப்பை ஒரு முனையில் வாங்கி, படிப்படியாக மாற்றி, மறுமுனையில் வலைப்பக்கமாகத் தருவது இதன் பணி. சுருக்கப் பொதிக்குள் இருக்கும் கோப்பையும், பொதியை விரித்து வைக்காமலே, இதனால் மூலமாக எடுத்துக்கொள்ள முடியும். தமிழ் மின்னூல்களுக்கு இது எந்த அளவு பயன்படும் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

இபப் மின்னூலும், ஓப்பன் ஆபீஸ், லிப்ரே ஆபீஸ் ஆகியவற்றின் ஓடிடி ஆவணமும் உண்மையில் ஜிப் பொதிகளே. 2013 முதல் இயங்கும் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் வழங்கும் இபப் நூல்களும் அப்படிப்பட்டவையே. ஜிப் அமைப்பில் ஒவ்வொரு கோப்பும் தனித்தனியே சுருக்கப்படுகிறது. எந்தக் கோப்பு எங்கே உள்ளது என்னும் பட்டியல் பொதியின் கடைசியில் இருக்கிறது. ஆகவே முழுவதையும் விரிக்காமல் ஓர் அத்தியாயத்தை மட்டும் எடுக்கலாம். டார்-ஜிசிப் பொதியில் இது எளிதன்று. அங்கே அனைத்தும் ஒரே ஓட்டமாகச் சுருக்கப்பட்டிருக்கும். ஆவடியிலிருந்து சென்னைக்கு மின்தொடர் வண்டியில் செல்பவர் கைப்பேசியில் மூன்றாம் அத்தியாயத்தை மட்டும் கேட்டால், வழங்கி அதை மட்டும் அனுப்பலாம். படங்கள் நிறைந்த நூலில் இது சிறிய சிக்கனமன்று.

குறைகளும் உண்டு. ஜாவாவின் ஜார் முகவரி முறை இயல்பாகவே பொதியைத் தற்காலிகச் சேமிப்பில் திறந்து வைத்துக்கொள்ளும். திருத்திய பதிப்பை அதே பெயரில் ஏற்றினாலும் பழைய பாடமே வரக்கூடும். விண்டோசில் கோப்பை மாற்றவே இயலாமல் போவதும் உண்டு. இந்தச் சேமிப்பை நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. அடுத்தது பெயர்ச் சிக்கல். 1989-இல் ஜிப் வந்தபோது கோப்புப் பெயர்களுக்குப் பயன்பட்ட குறிமுறையில் தமிழ் எழுத்தே இல்லை. ஒருங்குறிப் பெயர் என்று காட்டும் அடையாளம் 2006-இல்தான் சேர்ந்தது. பழைய கருவிகளில் கட்டிய பொதியில் தமிழ்ப் பெயர் சிதைந்திருந்தால், கோப்பு உள்ளே இருந்தும் சட்டகம் 'இல்லை' என்றே சொல்லும். உள்கோப்புகளுக்கு எண்களாலான பெயர் வைப்பது நல்லது.

இவற்றைவிடப் பெரிய குறை சட்டகத்தில் இல்லை, நம் கோப்புகளில் இருக்கிறது. பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டிய ஓடிடி ஆவணத்தைத் திறந்தால், உள்ளே கிடப்பவை ஆங்கில எழுத்துகள். எழுத்துருவே அவற்றுக்குத் தமிழ் வேடம் போட்டிருக்கிறது. பொதி பிழையின்றித் திறக்கும், மாற்றமும் பிழையின்றி நடக்கும், பக்கமும் வரும். 'நெய்தல்' என்று தேடினால் மட்டும் ஒன்றும் கிடைக்காது. தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது 2010-இல். அதற்கு முந்திய தட்டச்சுப் பணியில் பெரும்பகுதி இந்நிலையில்தான் உள்ளது.

கொக்கூனின் குழாய்வழி அமைப்பு இங்கே கைகொடுக்கிறது. பொதியிலிருந்து எடுப்பதற்கும் வலைப்பக்கமாக்குவதற்கும் இடையில் ஒருங்குறி மாற்றியை ஒரு படியாகச் செருகலாம், மூலக்கோப்பைத் தொடவேண்டியதில்லை. ஆனால் ஒரே பத்தியில் பாமினியும் ஆங்கிலமும் கலந்திருந்தால், எழுத்துருப் பெயரைப் பார்த்துத் துண்டு துண்டாகவே மாற்றவேண்டும். இல்லையேல் ஆங்கிலச் சொற்களும் பொருளற்ற தமிழாகிவிடும்.