வெட்டாமல் விட்ட சிப்பாய்

1997 மே 4, நியூயார்க். சதுரங்க வீரர் காஸ்பரோவுக்கும் ஐபிஎம்மின் டீப் ப்ளூ கணினிக்கும் இரண்டாவது ஆட்டம். ஆறு ஆட்டத் தொடரைக் கணினி 3.5–2.5 என்று வென்றது ஊரறிந்த சேதி. கடைசி ஆட்டத்தில் காஸ்பரோவ் 19 நகர்த்தலிலேயே சுருண்டுபோனார். அதில் ரசிக்க ஒன்றுமில்லை. ரசிப்பதென்றால் இந்த ஆட்டத்தைத்தான் ரசிக்கவேண்டும்.

வெள்ளைக்காய் கணினிக்கு. ருய் லோபஸ் தொடக்கம். 19-ஆவது நகர்த்தலில் ஒரு சிப்பாய் ஏ4-க்கு வந்து, கறுப்பின் பி5 சிப்பாயை முறைத்துக்கொண்டு நிற்கிறது. வெட்டலாம், வெட்டவில்லை. அதற்குப் பின்னால் இரண்டு யானைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவந்து அடுக்குகிறது. அப்போதும் வெட்டவில்லை. ‘எப்போது வேண்டுமானாலும் வெட்டுவேன்’ என்ற மிரட்டலையே கையில் வைத்துக்கொண்டு, கறுப்பை மூச்சுவிட முடியாமல் செய்துவிட்டு, 36-ஆவதில்தான் வெட்டுகிறது. நொடிக்கு 20 கோடி நிலைகளை அலசும் இயந்திரத்திடம் இந்தப் பொறுமையை யார் எதிர்பார்த்தார்கள்?

அடுத்ததுதான் உச்சம். வெள்ளை ராணி பி6-இல் புகுந்தால் ஆதாயம் காத்திருக்கிறது. கணினி என்றால் கிடைத்ததை விடாது என்பது அன்றைய நம்பிக்கை; காஸ்பரோவ் விரித்து வைத்த வலையும் அதுதான். ராணி அந்தப் பக்கம் போனதும் கறுப்பு தன் இ5 சிப்பாயை ஒரு கட்டம் முன்னே, இ4-க்குத் தள்ளும். அதன் பின்னால் அடைபட்டுக் கிடக்கும் டி6 பிஷப்புக்கு வெள்ளை ராஜா இருக்கும் பக்கம் வழி திறந்துவிடும். டீப் ப்ளூ ராணியைத் தொடவே இல்லை. 14-ஆவது நகர்த்தலிலிருந்து சி2-வில் சும்மா உட்கார்ந்திருந்த பிஷப்பை எடுத்து, சற்றுமுன் காலியான அதே இ4-இல் வைத்தது. கறுப்புச் சிப்பாய்க்கு வழியில்லை. அதன் பின்னாலிருந்த பிஷப்புக்கும் இல்லை. எந்தக் காயையும் வெட்டாத, யாருக்கும் செக் சொல்லாத நகர்த்தல். எதிராளி என்ன ஆசைப்படுகிறார் என்று பார்த்து அந்த ஆசையை மறுப்பது முன்னாள் உலக சாம்பியன் கார்போவின் பாணி. காஸ்பரோவுக்குச் சந்தேகமே வந்துவிட்டது. உள்ளே மனிதக் கை இருக்கிறது என்ற தொனியில், கால்பந்து வீரர் மரடோனா கையால் அடித்த ‘கடவுளின் கை’ கோலை இழுத்துப் பேசினார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கணினியின் 45-ஆவது நகர்த்தலைப் பார்த்ததும் அவர் தோல்வியை ஒப்புக்கொண்டார். மறுநாள் அவருடைய குழுவினரே வந்து சொன்னார்கள்: கறுப்பு ராணியை இ3-க்குக் கொண்டுபோயிருந்தால் தொடர்ந்து செக் கொடுத்தே ஆட்டத்தை டிரா ஆக்கியிருக்கலாமாம். அந்த ஓட்டையை விட்டுவைத்தது கணினிதான். இ4-இல் அப்படியொரு பிஷப்பை வைக்கத் தெரிந்த இயந்திரம் இதைக் கவனிக்காமலா இருக்கும் என்று நம்பித்தான் அவர் தேடிப் பார்க்காமல் எழுந்துபோனார் என்று நினைக்கிறேன்.