தசைநார் என்னும் சொல்: எலும்பியல் கலைச்சொற்கள் குறித்து ஒரு திறனாய்வு

தமிழில் உடற்கூற்றுக் கலைச்சொல்லாக்கம் நெடிய வரலாறுடையது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1864இல் மருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்கத் தொடங்கினார். 1858இல் இலண்டனில் வெளிவந்த கிரேயின் உடற்கூற்று நூல், அவர்தம் முயற்சியால் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' எனத் தமிழுருப் பெற்றது. அன்று தொடங்கிய மரபில் எலும்பின் உறுப்பமைவைக் குறிக்கும் சொற்கள் செம்மையுற்றன. எலும்பைப் பிணிக்கும் திசுக்களைக் குறிக்கும் சொற்களோ மயக்கம் தருகின்றன என்பது நம் கருத்து.

துளை, குழி, முகடு, புடைப்பு ஆகியவை வழக்குச் சொற்களே. மண்டையோட்டின் அடியில் தண்டுவடம் செல்லும் வழியைப் 'பெருந்துளை' என்றால் விளக்கம் வேண்டுவதில்லை. இலத்தீனிலும் இதுவே நெறி: இடுப்பெலும்பின் கிண்ணக்குழிக்கு அம்மொழி இட்ட பெயர் காடிக் கிண்ணத்தைக் குறிப்பது. கழுத்தணியாகிய காறையால் பெயர்பெற்ற காறையெலும்பும் இத்தகையதே. அதனைச் சில நூல்கள் 'காரை' என எழுதும்போது அணி மறைந்து சுண்ணச்சாந்து நினைவுக்கு வருகிறது; சொல்லின் பொருட்காரணம் அழிகிறது.

இனிப் பிணிக்கும் திசுக்களுக்கு வருவோம். தசையை எலும்போடு சேர்ப்பது 'தசைநாண்'. தசை சுருங்கும்போது வில்லின் நாண்போல் இழுபடுவதால் இப்பெயர் முற்றும் பொருந்துகிறது. எலும்பை எலும்போடு சேர்ப்பதைத் 'தசைநார்' என்பது அவ்வாறன்று. முழங்காலின் குறுக்கு நார் தொடையெலும்பையும் கணுக்காலுக்கு மேலுள்ள முன்காலெலும்பையும் பிணைக்கிறது. அவ்விணைப்பில் தசைக்கு இடமில்லை. இல்லாததைப் பெயரில் ஏற்றியதோடு, ஈற்றெழுத்து ஒன்றாலேயே இரு கருத்துகளையும் வேறுபடுத்துமாறு மாணவரை விட்டுவிட்டோம்.

பேச்சுவழக்கு இம்மயக்கத்தைப் பெருக்குகிறது. நாண் அறுந்தாலும் 'நரம்பு' அறுந்தது என்பர். நார் கிழிந்தால் 'சவ்வு' கிழிந்தது என்பர். உணர்வையும் இயக்கத்தையும் கடத்தும் நரம்பே அறுந்ததாக எண்ணும் நோயாளி, உறுப்பு செயலிழக்கும் என்று அஞ்சுவது இயல்பு. பினாங்குத் தீவின் மேற்கே பாலிக் புலாவ் போன்ற ஊர்களில் தமிழோடு மலாயும் புழங்குவோர்க்கு இது இரட்டை மயக்கம்; மலாயின் 'ஊராட்' என்னும் சொல்லும் நரம்பு, நாண், குருதிக்குழாய் மூன்றையும் தழுவுவது. ஆயினும் மலாய்க் கலைச்சொல் வழக்கு 'லிகமென்', 'தெண்டோன்' எனக் கடன்பெற்றுத் தெளிவு கண்டது. தமிழ்ப்பள்ளி முடித்து மலாய்வழி இடைநிலைக் கல்விக்குச் செல்லும் மாணவர், அங்குத் தெளிவான இரு சொற்களைச் சந்திக்கின்றனர்; தமிழில் கற்றவையோ குழம்பியே நிற்கின்றன.

கடன்பெறுதல் ஒன்றே வழியன்று. எதனை எதனோடு பிணைக்கிறது என்பதைப் பெயரே உணர்த்தினால் போதும். தசைநாணைக் காத்து, தசைநாருக்கு மாற்றாக 'மூட்டுநார்' எனல் தக்கது. பாடநூல் மாறும்வரை ஆசிரியர்கள் வகுப்பறையிலேனும் இவ்வேறுபாட்டை வலியுறுத்துதல் வேண்டும்.