நூலக அவையும் கேட்போர் தீர்ப்பும்: கம்பம் பள்ளத்தாக்கு நூல்களை நிலைக்களனாகக் கொண்ட ஓர் ஆய்வு

முன்னுரை

நூல் கற்றற்கு உரியது. அவை கேட்டற்கு உரியது. இவ்விரண்டும் இயல்பாக ஓரிடத்திற் கூடுவது, பொது நூலகத்தில் நிகழும் ஆசிரியர் உரையிலும் கவிதை வாசிப்பிலுமாம். எனினும், இந்நிகழ்ச்சிகளை இலக்கியத் திறனாய்வின் பாற்படுத்தி ஆராய்ந்தார் சிலரே. செய்தித்தாளில் ஒரு சிறு பத்தியாகத் தோன்றி அவை மறைந்துபோகின்றன. அங்கே வாசிக்கப்பெற்றது யாது, கேட்டோர் யாது வினவினர், அவ்வினாவால் நூலைப்பற்றி விளங்கியது யாது என்பன எழுத்தில் நிற்பதில்லை. இக்குறையை ஆராய்தற்குத் தேனியும் அதனைச் சார்ந்த கம்பம் பள்ளத்தாக்கும் தக்க நிலைக்களன்களாக அமைகின்றன. அந்நிலத்தின் வாழ்வையே பொருளாகக் கொண்ட நாவல்கள் அங்குப் பிறந்துள்ளன. அவற்றின் மாந்தரை ஒத்தோர் அங்கேயே வாழ்கின்றனர். அத்தகைய நிலத்தில் நூலக அவை எத்தன்மையதாதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருளாம்.

1. நூலகத்தில் உரைக்கு உரிய இடம்

சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948ஆம் ஆண்டில் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்துறைக்கென எழுந்த முதற் சட்டம் அது. அந்நாளிற் கல்வியமைச்சராக விளங்கியவர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார், நூலகத் துறையின் அறிவுத் தலைவராக நின்றவர் சீர்காழியிற் பிறந்த சீ. இரா. அரங்கநாதன். கட்டடம் அமைத்தல், நூல் வாங்கல், பணியாளரை அமர்த்தல் என்பவற்றோடு, சொற்பொழிவுகளுக்கும் வகுப்புகளுக்கும் வழி செய்தலையும் நூலக ஆணைக்குழுவின் செயல்களுள் ஒன்றாக அச்சட்டம் வகுத்துள்ளது. ஆகவே நூலகத்தில் நிகழும் உரை, விழா நாளில் மட்டும் அணியும் அணிகலன் போல்வதன்று. நூல் வழங்குதலைப் போன்றே அதுவும் நூலகத்தின் கடமையாம்.

அரங்கநாதன் 1931ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐந்து விதிகளுள் மூன்றாவது, நூல் ஒவ்வொன்றும் தனக்குரிய படிப்பாளரைச் சென்று சேர்தல் வேண்டும் என்னும் கருத்தினது. ஆசிரியரை நூலகத்திற்கு அழைத்தல் அவ்விதியின் செயல்முறைகளுள் ஒன்று. அங்ஙனமாயின், அந்நிகழ்ச்சியை அளக்குங் கோலும் அவ்விதியினின்றே பிறத்தல் வேண்டும். வந்தோர் எத்துணையர், பேசியோர் எத்துணைப் புகழுடையர் என்பவற்றினும், அவை கலைந்தபின் அந்நூலைத் தேடி எடுத்தோர் உளரா என்பதே முதன்மையான வினா.

அண்மைக் காலத்தில் இத்தகைய நிகழ்ச்சிகள் பெருகியுள்ளன. சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகம், 'பொன்மாலைப் பொழுது' என்னும் பெயரில் எழுத்தாளர் உரைகளை நடத்திப் புகழ்பெற்றது. 2022, 2023ஆம் ஆண்டுகளில் ஆறுகளின் பெயர்தாங்கிய அரசு இலக்கியத் திருவிழாக்கள் நிகழ்ந்தபோது, வைகையின் பெயரால் அமைந்த விழா மதுரையில் நடைபெற்றது. ஊர்தோறும் உள்ள பொது நூலகங்களின் வாசகர் வட்டங்களும் தத்தம் அளவிற் கூட்டங்கள் நடத்துகின்றன. எனவே, வாய்ப்பு இன்மை இன்றைய குறையன்று. நிகழ்ச்சியின் அமைப்பிலேயே குறை உளது. வரவேற்புரை, பொன்னாடை, வாழ்த்துரை, ஏற்புரை, நன்றியுரை என நிரல்பட அமைந்த நிகழ்ச்சியில் நூலினின்று ஒரு பக்கமேனும் படிக்கப்பெறாது பொழுது கழிதலை யாவரும் அறிவர். நூலைப் பற்றி அறுவர் பேசினர். நூல் மட்டும் பேசவில்லை.

2. அரங்கேற்றமும் கேள்வியும்

தமிழ் மரபில் நூலும் அவையும் கூடிய நிகழ்ச்சிக்கு அரங்கேற்றம் என்பது பெயர். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசிரியர் முன்னிலையில் தொல்காப்பியம் அரங்கேறியதைப் பனம்பாரனார் பாயிரம் கூறும். கம்பர் காப்பியம் திருவரங்கத்தும், பெரிய புராணம் தில்லையிலும், கந்த புராணம் காஞ்சிக் குமரகோட்டத்தும் அரங்கேறின என்பது மரபுவழிச் செய்தி. அரங்கேற்றத்தின் உயிர்நிலை தடைவிடையாம். ஆசிரியன் நூலைப் படிப்பான். அவையோர் ஐயம் எழுப்புவர். ஆசிரியன் விடை கூறி நிறுவுவான், அன்றேல் திருத்திக்கொள்வான். அவையடக்கம் என்னும் உறுப்பும் இதனாலேயே பொருளுடையதாயிற்று. திருத்துவார் ஒருவர் எதிரே இல்லாத இடத்தில் அவையடக்கம் கூறுதல் வெற்றுச் சடங்காய் முடியும்.

கேட்டலைத் தனியொரு கல்வியாகவே நம் முன்னோர் கருதினர். திருக்குறளிற் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களையடுத்துக் கேள்வி என்னும் அதிகாரம் அமைந்திருத்தலும், அவையறிதல், அவையஞ்சாமை எனப் பேசுவார்க்கு இரண்டு அதிகாரங்கள் வகுக்கப்பெற்றிருத்தலும் ஈண்டு நினைக்கத்தக்கன. நன்னூலின் பொதுப்பாயிரமும் பாடங் கேட்டலின் வரலாற்றை விரித்துரைக்கின்றது.

கேட்போனே நடுவன் என்பதற்கு இறையனார் களவியலுரை கூறும் வரலாறு தலைசிறந்த சான்று. சங்கப் புலவர் பலரும் தத்தம் உரையே சிறந்ததென வாதிட்டபோது, உப்பூரிகுடிகிழார் மகனாகிய உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயது மூங்கைச் சிறுவனை நடுவனாக இருத்தினர் என்றும், மருதனிளநாகனார் உரையின் சிலவிடங்களிலும் நக்கீரனார் உரையில் சொல்தோறும் அவன் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தான் என்றும் அவ்வுரை கூறும். இக்கதையின் வரலாற்று உண்மை வேறு ஆராய்ச்சிக்கு உரியது. இலக்கியக் கொள்கை என்ற அளவில் அது கூறுவது தெளிவு: உரைப்போரின் புகழோ, கேட்போனின் சொல்வன்மையோ தீர்ப்பாகாது, முழுமையாகக் கேட்டபின் கேட்போனிடத்து விளைவதே தீர்ப்பாம். அத்தீர்ப்புக்கு முன்னிலையாக வேண்டுவது, நூல் முழுதும் அவன் செவிப்படுதல். அதற்கு இடந்தராத அவை யாதாயினும் அரங்கேற்றம் எனப்படாது.

3. செவிக் கவிதையும் கண் கவிதையும்

கவிதை வாசிப்பில் இச்சிக்கல் இன்னும் நுட்பமானது. இந்நிலப்பகுதி, எதிரெதிரான இரண்டு கவிதை நெறிகளுக்கு அண்மையில் உளது. ஒன்று, பாடப்பெறும் பாட்டு. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன், 1958ஆம் ஆண்டு தேவிகுளம் இடைத்தேர்தலிற் பொதுவுடைமைக் கட்சிக்காகத் தோட்டத் தொழிலாளரிடையே பாடியவர். அவர்தம் தம்பியாராகிய இளையராசா பின்னர் அடைந்த புகழ் யாவரும் அறிந்தது. அப்பாட்டு செவிக்கென்றே பிறந்தது. பாடி முடிந்த அந்நொடியிலேயே அதன் வெற்றி தோல்வி புலனாகிவிடும்.

மற்றொன்று, கண்ணாற் படிக்கப்பெறும் புதுக்கவிதை. பள்ளத்தாக்கிற்குக் கிழக்கே அமைந்த வத்தலக்குண்டிற்கு உரியவராகிய சி. சு. செல்லப்பா 1959ஆம் ஆண்டு 'எழுத்து' இதழைத் தொடங்கினார். 1962இல் 'புதுக்குரல்கள்' என்னும் தொகுப்பை வெளியிட்டார். அவ்விதழ் வளர்த்த கவிதை, அமைதியான தனிப்படிப்பையும் பலகால் மீட்டுப் படித்தலையும் வேண்டுவது. தாம் வெளியிட்ட நூல்களைத் தாமே சுமந்து சென்று கல்லூரிகளிற் சேர்ப்பித்த அவர் செயலும் அக்கொள்கைக்கு இயைந்ததே. தம் கவிதை மேடையில் வாழாது, நூலாகப் படிப்போர் கையிற் சேர்ந்தாலன்றி நிலைபெறாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது கவியரங்கம். அங்குக் கவிஞர் ஒரு வரியை இருமுறையும் மும்முறையும் மீட்டுரைப்பர், அவையினர் கைதட்டுவர். இவ்வழக்கத்தைப் பலர் இகழ்வர். ஆயினும் அதற்கு ஒரு காரணம் உண்டு. கண் முன்பக்கத்திற்கு மீளலாம். செவி மீள இயலாது. ஆகவே, செவிக்கு உதவும்பொருட்டு வாய் மீட்டுரைக்கின்றது. குறை யாதெனில், மீட்டுரைக்கத் தக்க வரியை எழுதுதலே நோக்கமாகிக் கவிதை முழுமை சிதைதலாம். ஒரு வரி ஓங்க, மற்றவை அதனைத் தாங்கும் பந்தக்கால்களாய் நின்றுவிடுகின்றன.

நூலகத்தில் இந்நெருக்கடி இல்லை. அங்கு நூல் கைக்கெட்டும் இடத்தில் உளது. எனவே கவியரங்க முறையை நூலகத்திற்குக் கொணர்தல் பொருந்தாது. ஒரு கவிதையை இருமுறை முழுமையாக வாசித்தலே அவ்விடத்திற்கு ஏற்ற முறை: முதன்முறை கேட்போர் நூலைப் பாராது கேட்க, இரண்டாம் முறை நூலைப் பார்த்துக்கொண்டு கேட்க. செவிக்கு இனித்தது கண்ணுக்கு வறிதாதலும், செவி தவறவிட்டது கண்ணுக்குப் புலனாதலும் அப்போது வெளிப்படும். வாசிப்பு இங்ஙனம் திறனாய்வாக மாறுகின்றது. பொழிப்புரையாலும் புகழுரையாலும் இப்பயன் எய்தாது.

4. பள்ளத்தாக்கின் நாவல்களும் அவற்றின் நடுவரும்

உரைநடை நூல்களுக்கு இம்முறை வேறொரு பயனும் தரும். மதுரை மாவட்டத்தினின்று 1996ஆம் ஆண்டிற் பிரிக்கப்பெற்ற தேனி மாவட்டத்து வாழ்வு, அண்மைக்கால நாவல்களில் பல கோணங்களில் இடம்பெற்றுள்ளது. 1959இல் நிறைவுற்ற வைகை அணையால் நிலம் இழந்த உழவரின் கதையைப் பொருளாகக் கொண்டது வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்'; அது 2003ஆம் ஆண்டிற்குரிய சாகித்திய அகாதெமிப் பரிசைப் பெற்றது. அல்லிநகரத்து ம. காமுத்துரையின் 'மில்' பஞ்சாலைத் தொழிலாளரையும், 'குதிப்பி' சமையல் தொழிலாளரையும் பற்றியன. தேனி சீருடையானின் 'நிறங்களின் உலகம்' பார்வையற்ற சிறுவன் ஒருவனின் வாழ்வைக் கூறுவது.

இந்நூல்களை மதிப்பிடத் தக்கோர் யாவர்? அமைப்பு, பாத்திரப் படைப்பு, நடை ஆகியவற்றை ஆராய்தற்குத் தமிழ்த்துறையினர் உரியர். ஆனால், பஞ்சாலையின் இரைச்சலுக்கிடையே ஒருவர் மற்றொருவரிடம் எவ்வாறு பேசுவர், ஷிப்டு முடிந்து வெளிவருவோன் முதலில் யாது செய்வான், நூறு இலை போடும் பந்தியில் அடுப்படி எப்படி இயங்கும் என்பவற்றில் தீர்ப்புக் கூற வல்லார் அத்தொழிலில் உழைத்தோரே. பண்டை அவையில் தடை எழுப்பியோர் இலக்கணம் கற்றோர்; இன்றைய நூலக அவையில் தடை எழுப்பும் உரிமை பொருளை அறிந்தோர்க்கும் உண்டு. தம் வாழ்வு நூலாகியிருத்தலைக் கேட்கும் ஒருவர், 'இஃது இவ்வாறன்று' எனக் கூறின், அக்கூற்றை ஆசிரியர் ஏற்கலாம். அன்றிக் கலையின் தேவை கருதித் தாம் அவ்வாறு மாற்றியதாக விடை கூறலாம். இரண்டும் திறனாய்வுக்கு அரிய செல்வமே. உண்மைக்கும் புனைவுக்கும் இடையே ஆசிரியர் எங்கே எல்லை வகுத்தார் என்பதை இதனினும் தெளிவாக அறிய வேறு வழி இல்லை.

மொழிநிலையிலும் இஃது ஒக்கும். 'அங்கிட்டு', 'இங்கிட்டு' என எழுதுதல் எளிது; அச்சொற்கள் சினத்தில் ஓங்குமாறும் உறவில் தணியுமாறும் எழுத்திற் புலப்படா. 'கண்மாய்' என எழுதுவதா, 'கம்மா' என எழுதுவதா என்னும் தயக்கம் வட்டார நாவலாசிரியர் யாவர்க்கும் உரியது. மேலும், தமிழேயன்றித் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகளாக வழங்கும் நிலம் இது. மலை கடந்தால் மலையாளம். ஒரே உரையாடலை இவ்வூர்களிற் பிறந்த இருவேறு வாய்கள் படித்தால் இருவேறு ஓசைகள் எழும். ஆசிரியரே தம் நூலைப் படித்தல் இதனால் ஓர் உரைச்சான்றாகின்றது. ஏட்டுச்சுவடிக்குப் பாடவேறுபாடு எவ்வளவு பயனுடையதோ, வட்டார நாவலுக்கு இவ்வொலிப்பும் அவ்வளவு பயனுடையது.

5. தடையும் விடையும்

இவ்வாறு கூறுவதற்கு இரண்டு தடைகள் எழலாம். முதலாவது: நூலகம் வழக்குமன்றம் அன்று, சிற்றூரில் முதல் நூல் எழுதியவரை ஊக்குவித்தலே முறை, வினாக்கள் அவரைச் சோர்வடையச் செய்யும் எனின், கூறுதும். நல்லதற்கும் அல்லதற்கும் ஒரே பொன்னாடை போர்த்தும் அவையில் நல்ல நூலை எழுதியவரே இழப்புறுகின்றார். தம் நூலை ஒருவர் முழுதும் படித்து ஒரு பக்கத்தைச் சுட்டி வினவுதலினும் மேலான மதிப்பு எழுத்தாளர்க்கு யாதுள்ளது?

இரண்டாவது தடை வலியது. நடுவர் எனக் குறிக்கப்பெற்ற உழைப்பாளர் நூலகத்திற்கு வருகின்றனரா? கம்பத்தினின்றும் போடியினின்றும் ஏலத்தோட்ட வேலைக்கு விடியுமுன் சீப்புகளில் மலையேறும் பெண்கள், பொழுது சாய்ந்தே வீடு திரும்புவர். மாலை ஐந்து மணிக்கு நடக்கும் உரையில் அவர்க்கு இடமில்லை. இத்தடையை மறுத்தற்கு இயலாது. அவையின் காலத்தையும் இடத்தையும் மாற்றுதலே இதற்கு விடை. மன்னார்குடிப் பகுதியில் 1931ஆம் ஆண்டு மாட்டுவண்டியில் நூலகம் ஊர்தோறும் சென்றது. படிப்போர் வரவில்லையெனின் நூல் செல்லவேண்டும் என்பது அவ்வண்டி கற்பித்த பாடம். நூல் சென்ற வழியில் வாசிப்பும் செல்லுதல் கூடும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால், நூலக வாசிப்பு மேடைப் பேச்சின் கிளையாகாது, அரங்கேற்றத்தின் வழித்தோன்றலாக அமைதல் வேண்டும் என்பதும், நூல், ஆசிரியர் குரல், கேட்போர் வினா என்னும் மூன்றும் அதற்கு உறுப்பாம் என்பதும், இந்நிலத்து நூல்களுக்கு இந்நிலத்து மக்களே தலையாய கேட்போர் என்பதும் பெறப்பட்டன.

எஞ்சியிருப்பது ஒன்று. நம் பழைய உரையாசிரியர்கள் தம்மிடம் எழுந்த ஐயங்களை 'எனின்' என்னும் சொல்லால் உரையிலேயே பொதிந்து வைத்தனர். அதனால் அந்நாளைய மாணாக்கர் எங்கே தடுமாறினர் என்பதை இன்றும் அறிகின்றோம். நூலக அவையில் எழும் வினாக்களோ அன்றே அழிகின்றன. தமிழ்த்துறையிற் பயிலும் இளம் ஆய்வாளர், அங்குச் சென்று, படிக்கப்பெற்ற பகுதியையும் எழுந்த வினாவையும் கூறப்பெற்ற விடையையும் நாளொடு குறித்து, அந்நூலகத்திலேயே ஒரு படியை வைப்பாராயின், இந்நாவல்களுக்கு நாளை உரை எழுதுவார்க்கு அதனினும் சிறந்த கருவி பிறிதொன்று இராது. பெருஞ்செலவின்றி அடுத்த கூட்டத்திலேயே தொடங்கத்தக்க பணி இது.